வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலவழி இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தல்

வெளிநாட்டு ஆங்கிலவழி இளநிலைப் படிப்பு என்பது, 12-ஆம் வகுப்பை முடித்த ஒருவர் வேறொரு நாட்டின் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்டு பயிலும் முதல் பட்டப்படிப்பைக் குறிக்கும். விண்ணப்பிக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆயினும் எல்லா நாடுகளும் மாணவரிடம் கேட்பவை நான்கே: படித்ததற்குச் சான்று, ஆங்கிலம் தெரியும் என்பதற்குச் சான்று, செலவைத் தாங்க முடியும் என்பதற்குச் சான்று, இந்தக் காகிதங்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்பதற்குச் சான்று.

இது பற்றி வெளிவரும் கையேடுகள் பெரும்பாலும் பெருநகரப் பள்ளியில் படித்து, மாதச் சம்பளம் வாங்கும் பெற்றோரை உடைய மாணவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. இக்கட்டுரை காஞ்சிபுரத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து, பட்டுத்தறிக் கூலியை நம்பி வாழும் வீட்டிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அத்தகைய மாணவரை மதிப்பெண்ணைவிடக் காகிதங்களே அதிகம் அலைக்கழிக்கின்றன. அவற்றுள் பலவற்றை 10-ஆம் வகுப்பிலேயே சரிசெய்துவிடலாம் என்பதைப் பெற்றோர் அறிவதில்லை.

பின்னணி

கல்விக்காக ஊர் கடப்பது காஞ்சிக்குப் புதிதன்று. கடம்ப அரசைத் தோற்றுவித்த மயூரசர்மன் தன் ஆசிரியருடன் காஞ்சியிலிருந்த கடிகைக்குப் படிக்க வந்ததைக் கர்நாடகத்திலுள்ள தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. காஞ்சியில் பிறந்த தருமபாலர் நாளந்தாவுக்குச் சென்று அங்கே தலைமை ஆசானாக விளங்கியதைச் சீனப் பயணி யுவான் சுவாங் குறித்துள்ளார்.

இக்காலப் பொருளில் வெளிநாட்டு விண்ணப்பத்துக்குத் தமிழகம் அறிந்த பெரிய எடுத்துக்காட்டு சீனிவாச இராமானுசன். சிறுவயதில் சில காலம் காஞ்சிபுரத்தில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்த அவர், பின்னர் கல்லூரித் தேர்வில் தோற்றவர். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தபோது, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தம்மைப் பற்றிச் சில வரிகள் மட்டும் எழுதிவிட்டு, தாம் கண்ட கணித முடிவுகளைப் பக்கம் பக்கமாக இணைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சில் கப்பலேறியவர் 1916-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வின் வழியாக பி.ஏ. பட்டம் பெற்றார். செய்த வேலையைக் காட்டுதல், அதை மதித்துச் சொல்ல ஒருவர், செலவுக்கு ஒரு வழி ஆகிய மூன்றும் அன்றும் வேண்டியிருந்தன.

ஆங்கிலவழி எங்கெங்கு உண்டு

பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் ஆங்கிலவழிப் படிப்பு இயல்பானது. ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி, ஜப்பான், தைவான், தென்கொரியா போன்ற நாடுகளில் சில படிப்புகள் மட்டும் ஆங்கிலத்தில் நடத்தப்படுகின்றன. இரண்டாம் வகை நாடுகளில் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் ஏராளம். இளநிலைப் படிப்புகள் குறைவு. முதுநிலைக்குச் சென்ற உறவினரின் அனுபவத்தை அப்படியே இளநிலைக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஜெர்மனி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அண்மையில் கட்டணம் விதித்துள்ளது. 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்ற விளம்பரம் இந்த அளவில் உண்மையே. ஆனால் இந்தியாவின் 12-ஆம் வகுப்புச் சான்றிதழ் மட்டும் இருந்தால் அங்கே நேரடியாகச் சேர முடியாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அல்லது இந்தியாவில் ஏற்கப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றில் அதே துறையில் முதலாண்டை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையெனில் 'ஸ்டூடியன்கொல்லெக்' எனப்படும் ஓராண்டு ஆயத்தப் படிப்பை, பெரும்பாலும் ஜெர்மன் மொழியில், முடிக்க வேண்டும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் அனைவரும் 'ஏபிஎஸ்' என்னும் சான்றிதழ்ச் சரிபார்ப்பையும் பெற வேண்டும். காஞ்சிபுரம் மாணவர் ஒருவர் உள்ளூர்க் கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டு விண்ணப்பிப்பது பல நேரங்களில் சிக்கனமான வழி. அந்த ஓராண்டு வீணென்று எண்ண வேண்டியதில்லை.

ஜப்பான் அரசின் 'மெக்ஸ்ட்' உதவித்தொகையும் தென்கொரிய அரசின் 'ஜிகேஎஸ்' உதவித்தொகையும் இளநிலைக்கே முழுச் செலவையும் ஏற்பவை. இவற்றில் பொதுவாக முதல் ஓராண்டு அந்நாட்டு மொழியைக் கற்க வேண்டும். பின்னர் அம்மொழியிலேயே பாடம் நடக்கும். ஆங்கிலவழி மட்டும்தான் என்று பிடிவாதம் பிடிப்பவர் இவ்வாய்ப்புகளை இழக்கிறார். தைவான் சற்று வேறு. தமிழ்நாட்டின் அரசு மாதிரிப் பள்ளிகளில் படித்த மாணவர் சிலர் முழு உதவித்தொகையுடன் தைவான் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர்ந்துள்ளனர். இவ்வாறு முழு உதவித்தொகை பெறும் அரசுப் பள்ளி மாணவரின் முதல் பயணச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது.

மருத்துவம் தனியாகப் பார்க்க வேண்டியது. ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் 'ஆங்கிலவழி எம்பிபிஎஸ்' என்று விளம்பரம் செய்யப்படுகிறது. இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய விரும்பினால், 2021 நவம்பரில் வெளியான தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிமுறைகளே அளவுகோல். புறப்படும் முன் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். படிப்பு 54 மாதங்களுக்குக் குறையாமலும், ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். 12 மாத உறைவிடப் பயிற்சி அதே நிறுவனத்தில் நடக்க வேண்டும். அந்நாட்டிலேயே மருத்துவம் பார்க்கத் தகுதி தரும் பட்டமாகவும் அது இருக்க வேண்டும். இந்தியா திரும்பியபின் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரித் தேர்வில் 300-க்கு 150 பெற்று, மீண்டும் ஓராண்டு பயிற்சி செய்ய வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் படுக்கையில் இருக்கும் நோயாளி ரஷ்ய மொழியிலோ ஜார்ஜிய மொழியிலோதான் பேசுவார். அம்மொழி தெரியாதவர் நோயாளியிடமிருந்து கற்பது அரிது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பிய தமிழ்நாட்டு மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். பயிற்சி அதே நிறுவனத்தில் நடக்க வேண்டும் என்ற விதி எவ்வளவு கடுமையானது என்பது அப்போதுதான் பல குடும்பங்களுக்குத் தெரியவந்தது.

பணம்: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

விளம்பரங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரில் தொடங்கிப் பணத்தில் முடியும். நெசவாளர் வீட்டு மாணவர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். காரணம், இந்தியாவில் உள்ள அரசு உதவிகளில் பெரும்பான்மை இளநிலைக்கு இல்லை. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையும் அவ்வாறே. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையும் முதுநிலைக்குத்தான். ஆகவே முழுச் செலவையும் ஏற்கும் இடம் கிடைக்காவிட்டால், இளநிலையை உள்ளூரில் முடித்துவிட்டு முதுநிலைக்குச் செல்வதே பல குடும்பங்களுக்கு அறிவுடைய முடிவாக இருக்கும். ஆலோசனை நிலையங்கள் இதைச் சொல்வது குறைவு.

அடுத்து, கல்விக்கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கப்படுவதில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. அதற்கு மேல் சொத்தைப் பிணையாகக் கேட்பது வழக்கம். வெளிநாட்டுப் படிப்பின் செலவு ஏறக்குறைய எப்போதும் 7.5 லட்சத்தைத் தாண்டிவிடும். தேர்ந்தெடுத்த சில உயர்தர வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் பிணையில்லாமல் பெருந்தொகை தரும் தனித் திட்டங்களை வங்கிகள் வைத்துள்ளன. காஞ்சிபுரம் போன்ற கோயில் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோயிலுக்குச் சொந்தமான மனையில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டி வாழ்ந்தாலும் அந்த மனைக்குக் குடியிருப்பவர் பெயரில் பட்டா இராது. வங்கி அதைப் பிணையாக ஏற்காது. வீட்டின் பாதியைத் தறியே அடைத்துக்கொண்டிருந்தாலும் தறிக்கும் பிணை மதிப்பு இல்லை. எனவே கடனுக்கான கேள்வியை 11-ஆம் வகுப்பிலேயே வங்கி மேலாளரிடம் கேட்டுவிட வேண்டும்; சேர்க்கைக் கடிதம் வந்தபின் கேட்டால் காலம் போதாது.

வருமானத்தை எண்பிப்பது மற்றொரு வேலை. நெசவாளருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. சேலை தறியிலிருந்து இறங்கினால் கூலி, இல்லையென்றால் இல்லை. அதிலும் முன்பணம் வாங்கியிருந்தால் கழித்துக்கொண்டே கொடுப்பார்கள். கூட்டுறவுச் சங்க உறுப்பினராயின், வங்கிக் கணக்கில் வந்த கூலிப் பதிவுகளையும் சங்கத்தின் கடிதத்தையும் சேர்த்து வைக்கலாம். தனியார் முதலாளியிடம் நெய்பவர், கூலியை ரொக்கமாக வாங்காமல் கணக்கில் வரவு வைக்கச் சொல்வது நல்லது. ஓராண்டு காலப் பதிவு ஒரு சான்றாக நிற்கும். வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் வருமானச் சான்றிதழை இ-சேவை மையம் மூலம் பெறலாம்.

குறைந்த வருமானம் தகுதிக் குறைவாகவே பார்க்கப்படும் என்பதில்லை. அதுவே தகுதியாகும் இடங்களும் உண்டு. இத்தாலியில் மண்டல அரசுகள் வழங்கும் 'டிஎஸ்யூ' உதவித்தொகை முதன்மையாகக் குடும்ப வருமானத்தை அடிப்படையாகக் கொண்டது; கட்டணத் தள்ளுபடி, வாழ்க்கைச் செலவுத் தொகை, பல இடங்களில் உணவுச் சலுகை ஆகியவை அதில் அடங்கும். வருமானச் சான்று, குடும்ப விவரம், சொத்து விவரம் ஆகியவற்றை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையுடனும் இத்தாலிய மொழிபெயர்ப்புடனும் தர வேண்டும். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2005-இல் சேர்ந்தது; அம்முத்திரை இருந்தால் உடன்படிக்கை நாடுகளில் பொதுவாக வேறு சான்றொப்பம் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: முதலாண்டில் குறிப்பிட்ட அளவு பாடப்புள்ளிகளைப் பெறாவிட்டால் வாங்கிய தொகையைத் திருப்பித் தர நேரிடும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரையும் அவருடைய பணவசதியைப் பாராமல் தேர்ந்தெடுத்து, தேர்ந்தபின் தேவையான முழு உதவியையும் தருகின்றன. காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா 1968-இல் சப் ஃபெல்லோஷிப் பெற்றுச் சென்றது இந்த யேல் பல்கலைக்கழகத்துக்குத்தான். இவற்றில் போட்டி மிகக் கடுமை. மற்றப் பல கல்லூரிகளில் உதவி கேட்பதே தேர்வு வாய்ப்பைக் குறைக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். உதவிக்கான படிவத்தில் பெற்றோரின் வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்யாதவர்கள் அதை விளக்கிக் கையொப்பமிட்ட அறிக்கையைத் தரலாம். சிங்கப்பூரில் அரசின் கட்டண மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிந்தபின் மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் பணியாற்ற ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

கட்டணம் இல்லாத இடத்திலும் விசாவுக்குப் பணம் காட்ட வேண்டும். ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று கொண்டால் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். அது மாணவரின் பணமே; மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். ஆனால் முதலில் அதைத் திரட்டியாக வேண்டும். பிரிட்டனுக்குக் கட்டணமும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். விசாக் கட்டணத்துடன் ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணமும் உண்டு. கைமாற்று வாங்கி ஒரு மாதம் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தை விசா அதிகாரிகள் நன்கு அறிவார்கள். பணம் வந்த வழியைக் கேட்பார்கள். 'பகுதிநேர வேலை பார்த்துக் கட்டணம் கட்டிவிடலாம்' என்பதும் நம்பத் தக்கதன்று. பிரிட்டனில் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம், கனடாவில் வாரம் 24 மணி நேரம் என்று வரம்பு உண்டு. அமெரிக்காவில் முதலாண்டில் வளாகத்துக்குள் மட்டுமே வேலை செய்யலாம். இந்த ஊதியம் சாப்பாட்டுக்கு உதவும், கட்டணத்துக்குப் போதாது.

பெயரும் தலைப்பெழுத்தும்

தமிழர் பெயர்முறை வெளிநாட்டுப் படிவங்களோடு ஒத்துப்போவதில்லை. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னோ பின்னோ ஓர் ஆங்கிலத் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்துக்கு இடமில்லை. அதை விரித்து எழுத வேண்டும். தந்தையின் பெயர் குடும்பப்பெயருக்கான இடத்தில் போய் உட்கார, மாணவி வெளிநாட்டில் தந்தையின் பெயரால் அழைக்கப்படுவாள். குடும்பப்பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டால் வேறு தொல்லை: அமெரிக்க விசாவில் மாணவரின் பெயர் குடும்பப்பெயராகிவிடும்; முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்றெழுத்துக் குறி வந்துவிடும். அக்குறியே பல்கலைக்கழகப் பதிவேட்டிலும் ஏறுவதுண்டு.

இதற்கு எளிய மருந்து 10-ஆம் வகுப்பில்தான் இருக்கிறது. பொதுத்தேர்வுக்கு முன் பள்ளி தயாரிக்கும் பெயர்ப்பட்டியலில் மாணவரின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைப் பெற்றோர் சரிபார்த்துக் கையொப்பமிடுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பின்னாளில் பல மாத அலைச்சல் மிச்சம். ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ஊர்ப்பெயரையே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதும் காஞ்சிபுரத்தில் ஆட்பெயர் மாறுவது வியப்பன்று. காலம் கடந்துவிட்டால், இரு பெயரும் ஒருவருடையவையே என்று நோட்டரி முன் உறுதியாவணம் எழுதிக்கொள்ளலாம். பெயரையே மாற்ற வேண்டுமாயின் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைத் தர வேண்டுமாதலால், கடவுச்சீட்டு எடுப்பதே முதல் வேலை. 15 முதல் 18 வயதுக்கு உட்பட்டோர் பத்தாண்டு செல்லும் கடவுச்சீட்டைக் கேட்டுப் பெறலாம்.

பள்ளி தர வேண்டியவை

அமெரிக்கக் கல்லூரிகள் பொதுவாக 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையான மதிப்பெண்களைக் கேட்கின்றன. மாநிலப் பாடத்திட்டத்தில் 11-ஆம் வகுப்புக்கு 2017-18 முதல் பொதுத்தேர்வு நடந்தது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. இனி 9, 11-ஆம் வகுப்பு மதிப்பெண்களுக்குப் பள்ளிப் பதிவேடே சான்று. ஆகவே ஆண்டு முடிவில் மதிப்பெண் அட்டையை எறிந்துவிடாமல், தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் பெற்று வைத்திருக்க வேண்டும். கூடவே பள்ளியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் தேவை: மொத்தம் 600 மதிப்பெண், தேர்ச்சிக்குப் பாடத்துக்கு 35, எத்தனை மாணவர், என்ன பயிற்றுமொழி என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். அயல்நாட்டில் கோப்பைப் படிப்பவருக்கு நம் தேர்வில் 540 என்பது நல்லதா சுமாரா என்று தெரியாது. 'கவுன்சிலர்' என்று படிவம் கேட்கும் இடத்தில் தலைமையாசிரியரே செயல்படலாம்.

தமிழ்வழியில் படித்தது தடையாகாது. ஆங்கிலத் தேர்வு ஒன்றை எழுத வேண்டும், அவ்வளவே. ஐஈஎல்டிஎஸ் தேர்வில் 9-க்கு 6 முதல் 6.5 வரை பல இளநிலைப் படிப்புகள் கேட்கின்றன. மதிப்பெண் இரண்டாண்டு செல்லும். டோஃபல், பிடிஇ, டூயோலிங்கோ தேர்வுகளையும் பல இடங்கள் ஏற்கின்றன. கட்டணம் பெரியது என்பதால், முதலில் இலவச மாதிரித் தாள்களை எழுதிப் பார்த்து, வேண்டிய மதிப்பெண் வருகிறது என்று தெரிந்தபின் பதிவது நல்லது. சில பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் 12-ஆம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்பதுண்டு. எந்த வாரியத்தின் மதிப்பெண் என்பதை ஒவ்வொன்றின் இணையதளத்திலும் பார்க்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பாட ஆசிரியரே எழுதி, தம் மின்னஞ்சலிலிருந்தே அனுப்ப வேண்டும். 'ஒழுக்கமான மாணவர், கடின உழைப்பாளி' என்று எல்லாருக்கும் எழுதும் நன்னடத்தைச் சான்று இதற்குப் பயன்படாது. வகுப்பில் அந்த மாணவர் கேட்ட ஒரு கேள்வி, செய்த ஒரு சோதனை, தவறிப் பின் திருத்திக்கொண்ட ஒரு கணக்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றையாவது ஆசிரியர் குறிப்பிட வேண்டும். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் குற்றமில்லை.

மாணவர் எழுதும் கட்டுரைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அமெரிக்காவின் காமன் ஆப் விண்ணப்பத்தில் முதன்மைக் கட்டுரை 650 சொற்களுக்கு மிகக்கூடாது. பிரிட்டனின் யூகாஸ் விண்ணப்பத்தில் 2026 சேர்க்கை முதல் மூன்று கேள்விகளுக்கு விடையாக, இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் எழுத வேண்டும். வறுமையை மட்டும் விரித்து எழுதுவது பலரும் செய்யும் பிழை. நெசவுக் குடும்பத்து மாணவருக்கு எழுதுவதற்கு வேறு நிறைய உண்டு. புட்டாவையும் கரையையும் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாகப் பிரித்து வரைவதும், அதற்கேற்ப அட்டையில் துளையிடுவதும், ஜக்கார்டு பெட்டி அந்தத் துளைகளைப் 'படித்து' இழைகளைத் தூக்குவதும் கணிப்பொறிக்கு முன்னோடியான தொழில்நுட்பம். 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத்துக்கு ஜக்கார்டு அட்டைகளையே பயன்படுத்தத் திட்டமிட்டார். கணினியியலுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் தன் வீட்டுத் தறியின் அட்டைக்கட்டில் ஒரு துளை தவறினால் சேலையில் என்ன ஆகும், அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எழுதினால், வாங்கி ஒட்டிய கட்டுரை எதுவும் அதன் அருகில் நிற்க முடியாது. அப்படி ஒட்டிய கட்டுரைகளைக் கண்டுபிடிக்க யூகாஸ் ஒப்பீட்டு மென்பொருளையும் வைத்துள்ளது.

காலக்கணக்கு

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு மார்ச்சில் நடந்து, முடிவு மே மாதத்தில் வருகிறது. வெளிநாட்டு விண்ணப்பங்களோ அதற்குப் பல மாதம் முன்பே மூடிவிடுகின்றன. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும், பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் அக்டோபர் 15 கடைசி நாள். ஒரே ஆண்டில் இவ்விரண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். யூகாஸ் வழியாக மொத்தம் ஐந்து இடங்கள் வரை தேரலாம். மற்றப் பெரும்பாலான படிப்புகளுக்கு முதல் சுற்று ஜனவரியில் முடிகிறது. காமன் ஆப் ஆகஸ்டு 1-இல் திறக்கும். முன்கூட்டிய சுற்று நவம்பர் தொடக்கத்திலும், பொதுச் சுற்று பெரும்பாலும் ஜனவரி தொடக்கத்திலும் மூடும். நெதர்லாந்தில் இட வரம்புள்ள படிப்புகளுக்கு ஜனவரி 15.

எனவே 12-ஆம் வகுப்பு முடிவு இல்லாமலேயே விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி 'எதிர்பார்க்கும் மதிப்பெண்' ஒன்றைத் தர வேண்டும். செப்டம்பர் காலாண்டுத் தேர்வும் 11-ஆம் வகுப்பு மதிப்பெண்ணுமே அதற்கு ஆதாரம். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருவதால் பல சுற்றுகளுக்கு உதவாது. காலாண்டுத் தாள்களைக் கண்டிப்பாகத் திருத்தும் ஆசிரியர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. தாராளமாக மதிப்பிட்டாலும் தீங்குண்டு: 'இவ்வளவு பெற்றால் இடம்' என்ற நிபந்தனையுடன் வரும் சேர்க்கைக் கடிதம், மே மாதத்தில் மதிப்பெண் குறைந்தால் செல்லாது போகலாம். வெளிநாட்டுக் கடிதம் கையில் இருந்தாலும், தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கும் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்து வைப்பதே பாதுகாப்பு. விசா மறுக்கப்படும் செய்தி உள்ளூர்ச் சேர்க்கை முடிந்த பிறகுதான் வரும்.

முகவர்கள்

'எங்கள் சேவை இலவசம்' என்று சொல்லும் முகவருக்குப் பல்கலைக்கழகம் தரகு கொடுக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் தரகு தராத பல்கலைக்கழகத்தை அவர் பரிந்துரைக்க மாட்டார் என்பதை மாணவர் புரிந்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன முழு உதவித்தொகைகளில் பலவற்றை முகவர்கள் குறிப்பிடாமைக்குக் காரணம் இதுவே. 2023-இல் கனடாவில் இந்திய மாணவர் பலர், முகவர் பெற்றுத் தந்த சேர்க்கைக் கடிதங்கள் போலி என்று தெரியவந்து நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளாயினர். பலர் அங்கே சில ஆண்டுகள் படித்து முடித்த பிறகே இது வெளிப்பட்டது. அதன்பின் கனடா ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்வி நிறுவனத்திடமே சரிபார்க்கத் தொடங்கியது.

முகவரை நாடினாலும் சிலவற்றைக் கைவிடக் கூடாது. விண்ணப்பத்துக்கான மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாணவரிடமே இருக்க வேண்டும். கல்விக் கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேரடியாகச் செல்ல வேண்டும். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. சேர்க்கைக் கடிதம் வந்ததும், பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள முகவரிக்கு மாணவரே ஒரு மின்னஞ்சல் எழுதி உறுதி செய்துகொள்ளலாம். இரண்டு வரி போதும்.

பட்டத்தின் ஏற்பு

படித்து முடித்து ஊர் திரும்பி அரசுத் தேர்வு எழுதவோ இங்கே மேற்படிப்பில் சேரவோ விரும்பினால், அப்பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்று வேண்டும். நெடுங்காலம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இதை வழங்கிவந்தது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு தனி விதிமுறைகளை வெளியிட்டு இப்பொறுப்பை ஏற்றது. மருத்துவம், செவிலியம், சட்டம், கட்டடக்கலை போன்ற தொழிற்படிப்புகள் இதில் அடங்கா. அவற்றுக்கு அந்தந்தத் துறையின் மன்றமே ஒப்புதல் தர வேண்டும். அம்மன்றத்தின் விதிகளைச் சேர்வதற்கு முன்பே பார்த்து, அன்றைய நிலையை அச்செடுத்துச் சான்றிதழ்க் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.